கழுத்தில் கட்டிய எண்ணும் கைக்கு வராத எண்ணும்



கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நீங்கள் போயிருப்பீர்கள். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுவதில்லை. சிப்காட் வந்துவிட்டது என்பதை மூக்கே சொல்லிவிடும். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே மருந்தும் சாயமும் பூச்சிக்கொல்லியும் செய்யும் ஆலைகள். பொழுது புலருமுன், காலை முறை தொடங்கும் நேரத்தில், அந்த வாயில்களின் எதிரே சற்று நின்று பாருங்கள். குடிகாட்டு மைந்தனும் வருவான். புவனகிரியிலிருந்து பேருந்து ஏறி வந்தவனும் வருவான். அவர்களோடு, தமிழ் எழுத்தொன்றும் அறியாத, தோளில் ஒரு பையும் கழுத்தில் ஓர் அட்டையும் தொங்கவிட்ட இளைஞர் கூட்டமும் வரும்.

அப்படி ஒரு நாள் நாம் நின்றோம். தேநீர்க் கடைப் பலகையில் நம்மருகே அமர்ந்தான் ஒருவன். வயது இருபது, இருபத்தொன்று இருக்கலாம். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தான். வந்து இரண்டு திங்கள் ஆயிற்று என்றான். கடைக்கார அம்மையார்தான் நமக்கு மொழிபெயர்ப்பாளர். "ஏம்ப்பா, ஐயாவுக்கு உன் அட்டையைக் காட்டுப்பா" என்றார். காட்டினான். காண்டிராக்டரின் பெயர் பெரிய எழுத்தில்; இளைஞனின் பெயர் சிறிய எழுத்தில்; அடியிலே ஓர் எண். "இது வாயிலில் காட்டுவதற்கு. உனக்கென்று சர்க்கார் தந்த எண் எங்கே? வைப்பு நிதி எண்? இ.எஸ்.ஐ. எண்?" என்று கேட்டோம். சிரித்தான். இரண்டு மாதத்தில் கற்ற தமிழில், "காண்டிராக்டர்கிட்ட இருக்கு அண்ணா" என்றான்.

அவனுடைய எண், அவனிடம் இல்லை, காண்டிராக்டரிடம் இருக்கிறது! இருக்கிறதோ, இல்லையோ, அதுவும் அவன் அறியான். இந்த ஒரு விடையை வைத்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விழைகிறோம்.

கழுத்தில் தொங்கிய அந்த அட்டையைக் கண்டதும் நம் நெஞ்சு ஒரு நூற்றாண்டு பின்னோக்கி ஓடிற்று. 1901 ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஒரு புதுமையைக் கண்டுபிடித்தனர். தகரத் துண்டு! தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறித்த வட்டத் தகரம். திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, சேலம் என்று நம் சீமையெங்கும் கங்காணி திரட்டிய மக்களின் கழுத்தில் அதைக் கயிற்றில் கோத்துக் கட்டினர். அதைக் காட்டினால் இரயிலில் ஏறலாம், கப்பலில் ஏறலாம், முகாமில் சோறு பெறலாம். பணம் வேண்டாம். எவ்வளவு கருணை என்று எண்ணிவிடாதீர்கள்! இரயிலுக்கும் கப்பலுக்கும் சோற்றுக்கும் ஆன செலவு முழுவதும் அந்தத் தகரத்தின்மேல் கடனாக ஏறிற்று. மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் மனிதனாகப் போய்ச் சேரவில்லை. ஒரு கடன் கணக்காகப் போய்ச் சேர்ந்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவன் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவன் இவனைக் கொண்டுபோகலாம் என்று எழுதிய சீட்டு அது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

அதற்கும் முன்னர், 1860 நவம்பர் 16 அன்று, 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை, எண் போதும். ஆனால் ஒரு வியப்பு கேளுங்கள்: இன்று டர்பன் நகரில் வாழும் பேரப்பிள்ளைகள், தம் பாட்டன் எந்த ஊரான், எந்தத் தாலுகாவான் என்று தேடும்போது, பழைய கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். அடிமைப்படுத்த இட்ட எண்ணே வேரைத் தேடும் வழியுமாயிற்று. ஆகவே, எண் என்றவுடன் முகஞ்சுளிப்பவர் நாமல்லோம். எண் யார் கையில் இருக்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதே நம் கேள்வி.

தகரம் கட்டத் தெரிந்த இலங்கை, அந்த மக்களைக் குடிமக்களாக எண்ண வேண்டிய நேரத்தில் என்ன செய்தது? 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிரிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தனர். பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. உழைப்பை எண்ணிய கை உரிமையை எண்ண மறுத்த கதை அது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் குமுறிய இயக்கம் நம் இயக்கம்.

இப்போது சிப்காட்டுக்கு வருவோம். பேசத் தயங்கும் ஒன்றைப் பேசியாக வேண்டும்.

கடலூரில் நம் தோழர் ஒருவர், பல்லாண்டு உழைத்தவர், நம்மிடம் கேட்டார்: "வடக்கன் வந்து நம் பிள்ளைகளின் சோற்றைப் பறிக்கிறான். அவனுக்கு எண் வாங்கிக் கொடுப்பதா நம் வேலை? வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கியவர்கள் அல்லவா நாம்?" கோபத்தில் கேட்டாரேயன்றிக் கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. அவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தோழரே! அன்று நாம் சுட்டிய 'வடக்கு' எது? பம்பாயின் ஆலையரசர்களும் டில்லியின் ஆணைப் பலகையும் அல்லவா? கஞ்சாமின் கூரைக் குடிசை அன்றும் வாழவில்லை, இன்றும் வாழவில்லை. அதிலும் கஞ்சாம் என்ற பெயரை எவ்வளவு எளிதாக மறந்துவிட்டோம்! 1936 ஏப்ரல் முதல் நாள் ஒடிசா தனி மாகாணமாகும்வரை அது நம் சென்னை மாகாணத்து மாவட்டம். கோட்டையிலிருந்த ஒரே கவர்னருக்கு இவன் பாட்டனும் வரி கட்டினான். நம் பாட்டனும் வரி கட்டினான். பிழைப்பைத் தேடி அவனும் பர்மாவுக்குக் கப்பலேறினான், இவனும் ஏறினான்.

இன்னொன்றும் கேளுங்கள், இது நமக்குச் சற்றுக் கசக்கும். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை, நிலக்கரிக்கும் இரும்புக்கும் நாடெங்கும் ஒரே விலை அமையும்படி சரக்குக் கட்டணத்தைச் சமன்செய்யும் கொள்கையை நடுவண் அரசு நடத்திற்று. சுரங்கத்தின் வாயிலிலேயே ஆலை வைப்பவனுக்கு இருந்த இயற்கை ஆதாயம் அதனால் போயிற்று. பீகாரும் ஒடிசாவும் வங்காளமும் தாதுவைத் தோண்டி அனுப்பின. ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் எழுந்தன. நம் பொறியாளர் திறமும், நாம் கட்டிய பள்ளிகளும், 1971இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கிய அரசின் முனைப்பும் நம் தொழில் வளர்ச்சிக்குக் காரணம் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் கிழக்கு தேய்ந்ததில் நமக்கும் ஒரு சிறு இலாபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு வேண்டும். அங்கே எழாத ஆலையைத் தேடித்தான் அவன் இங்கே வந்து நிற்கிறான்.

போகட்டும், நேர்மை வேண்டாம், கணக்கே போதும் என்பீர்களானால் கணக்கையே பார்ப்போம்.

மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவனுக்கு, வைப்பு நிதியில் முதலாளி கட்ட வேண்டிய பங்கு நூற்றுக்குப் 12. அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. திட்டத்தில் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25, அது 487 ரூபாய் 50 காசு. ஆக, எண் உள்ள ஒரு தொழிலாளிக்காக மாதந்தோறும் 2,287 ரூபாய் 50 காசு கட்டியாக வேண்டும். எண்ணில்லாத நூறு பேரை வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டருக்கு மாதம் 2,28,750 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 27,45,000 ரூபாய் மிச்சம்! தொழிலாளியின் பங்கையும் கூலியில் பிடித்துக்கொண்டு, அதையும் கட்டாமல் விழுங்குபவன் இருந்தால் அவன் கணக்கு தனி. குடிகாட்டு மைந்தன் போய், "எனக்கு வைப்பு நிதி உண்டா?" என்று கேட்டால், காண்டிராக்டர் ஏன் அவனைத் திருப்பி அனுப்புகிறான் என்பது இப்போது புரிகிறதா? கஞ்சாம் இளைஞன் நன்றாக வேலை செய்வான் என்பதற்காக அல்ல. கேள்வி கேட்கமாட்டான் என்பதற்காக. நம் பிள்ளையின் சோற்றைப் பறித்தது அவனுடைய மொழியன்று, அவனுடைய எண்ணின்மை. அந்த எண்ணை அவனுக்கு வாங்கிக் கொடுங்கள். அன்றே இருவர் விலையும் ஒன்றாகிவிடும்.

அவனை விரட்டினால்? விரட்டினால் வேறொருவன் வருவான், அவனுக்கும் எண் இராது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ப் படங்கள் பரப்பப்பட்டபோது என்ன நடந்தது? அஞ்சியவர்கள் மூட்டை கட்டினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. பொய் பொய்யென்று நிலைநாட்டப்பட்டது. அந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம், யார் எங்கே எந்த ஆலையில் இருக்கிறான் என்று சொல்ல முழுமையான பதிவேடு நம் கையில் இல்லாமற் போனதும்தான். பதிவில்லாதவனைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லலாம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். சட்டத்துக்கு என்ன பஞ்சம்! முன்பணம் கொடுத்து ஆளை ஓட்டிச் செல்லும் முறைக்கு ஒடிசாவில் 'தாதன்' என்று பெயர். நம் கங்காணியின் உடன்பிறந்தான் அது. அதைக் கட்டுப்படுத்த 1975இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அதன் வழியே 1979இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதில் ஒரு நல்ல விதி இருந்தது: காண்டிராக்டர் ஒவ்வொருவனுக்கும் படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் அவன் மொழியல்லவென்றால், அவன் மொழியிலும் விவரம் இருக்க வேண்டும். இந்தியைத் திணிக்காதே என்று போராடிய நம் தோழர்கள் இந்த விதியைக் கவனிக்க வேண்டும். ஒடியா பேசுபவனுக்கு ஒடியாவில் எழுதிக் கொடு என்றது சட்டம். இடப்பெயர்ச்சிப் படியும் உண்டு என்றது. எத்தனை காண்டிராக்டர் கொடுத்தார்கள்? சிப்காட் வாயிலில் நாம் கேட்ட வரையில் அப்படியொரு கைப்புத்தகத்தைக் கண்டவன் ஒருவனுமில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1979ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்றில் கரைந்தது. தானே இரயிலேறி வந்தவனையும் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று புதிய சட்டம் ஏற்கிறது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஐந்து பேர் இருந்தால் போதும் என்ற பழைய வரம்பு பத்தாக உயர்ந்துவிட்டது. இடப்பெயர்ச்சிப் படி பறந்துவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதில் டில்லிக்கு நிகர் டில்லியே.

எண்ணற்றவனின் நிலை என்ன என்பதை 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்டுக்கே காட்டிற்று. நெடுஞ்சாலைகளில் நடந்தே சென்றவர்களை மறந்தீர்களா? அந்த ஆண்டு செப்டம்பரில், வழியில் மாண்ட புலம்பெயர்ந்தோர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு வைத்திருக்கவில்லை என்று நடுவண் அரசு விடையிறுத்தது. எண்ணில்லாமல் வாழ்ந்தவன் எண்ணிக்கையில்லாமல் இறந்தான்! பிறகு 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் இடித்துரைத்த பின்னரே, ஆகஸ்டு 26ஆம் நாள் 'இ-ஷ்ரம்' பதிவு தொடங்கிற்று. முப்பது கோடிக்கு மேற்பட்டோர் அதில் பன்னிரண்டு இலக்க எண் பெற்றுள்ளனர். ஆனால் ஓர் எச்சரிக்கை. அது அமைப்புசாராத் தொழிலாளருக்கான எண். ஆலைக்குள் வேலை செய்பவனுக்கு, "இதோ இ-ஷ்ரம் அட்டை இருக்கிறதே, வைப்பு நிதி எதற்கு?" என்று எவனாவது சொன்னால் அது தகரத் துண்டு வித்தை. ஏமாறாதீர்.

சிதம்பரத்துத் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். பரங்கிப்பேட்டையிலும் இலால்பேட்டையிலும் வளைகுடா நாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு உண்டா? அந்த வீடுகளில் போய் 'இக்காமா' என்றால் என்னவென்று கேளுங்கள். சவூதியில் வேலை செய்யும் அயல்நாட்டானுக்கு அந்நாடு தரும் அடையாள எண் அது. அது இல்லாவிட்டால் தெருவில் நடக்கவும் அஞ்ச வேண்டும். முதலாளி அதைப் புதுப்பிக்க மறுத்தால், கடவுச்சீட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டால், தாய் இங்கே என்ன பாடுபடுகிறாள் என்று கேளுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தபோது மாண்டவருள் தமிழர் எழுவர். அவர்களுள் ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தவர். வான்படை விமானம் அவர்கள் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. நாம் கலங்கினோம், கலங்க வேண்டியதுதான். அங்கே நம் பிள்ளைக்கு அரபுக்காரன் என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ, அதை இங்கே கஞ்சாம் பிள்ளைக்கு நாம் செய்கிறோமா?

சிப்காட்டிலும் தீ உண்டு. 2021 மே 13 அன்று இங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் நேர்ந்த வெடிப்பில் நால்வர் மாண்டனர். இத்தகைய நாளில்தான் எண்ணின் பொருள் தெரியும். வேலையில் நேர்ந்த விபத்தில் ஒருவன் இறந்தால், இ.எஸ்.ஐ. திட்டம் அவன் குடும்பத்துக்கு ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மாதந்தோறும் தருகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்தப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. எண் இருந்தால், விதவை ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். எண் இல்லாவிட்டாலும் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அவன் அங்கே வேலை செய்தான் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். கஞ்சாமிலிருந்து ஒரு தாய் வந்து, யாரிடம், எந்த மொழியில் மெய்ப்பிப்பாள்?

எண் எடுக்கும் முறையும் இப்போது மாறியிருக்கிறது. 2014 அக்டோபரில் வைப்பு நிதிக்கு வாழ்நாள் முழுதும் ஒரே பன்னிரண்டு இலக்க எண் என்ற ஏற்பாடு வந்தது. ஒருவன் பத்துக் காண்டிராக்டரிடம் வேலை செய்தாலும் அதே எண் கூடவே வர வேண்டும். நடப்பதென்ன? ஒவ்வொரு காண்டிராக்டரும் புதிதாக ஓர் எண் திறந்தான். தொழிலாளியின் பணம் மூன்று நான்கு துண்டாகச் சிதறிற்று. 2023–24இல் நாட்டில் செயல்படாமற் கிடந்த வைப்பு நிதிக் கணக்குகள் 21.55 இலட்சம், அவற்றில் முடங்கிய தொகை 8,505 கோடி ரூபாய். அத்தனையும் யாரோ ஒருவனுடைய வியர்வை.

2025 ஆகஸ்டு முதல், புதிய எண்ணைத் தொழிலாளியே தன் கைப்பேசியில் 'உமாங்' செயலியைத் திறந்து, ஆதாரைக் காட்டி, முகத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. நல்ல முறைதான். ஆனால் கருவியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதில்தான் சூழ்ச்சி. காண்டிராக்டரின் மேஸ்திரி தன் கைப்பேசியை நீட்டி, "முகத்தைக் காட்டு" என்கிறான். பையன் காட்டுகிறான். எண் பிறக்கிறது, மேஸ்திரியின் பெட்டிக்குள் போகிறது. ஓடிபி என்னும் இரகசிய எண்ணும் அவன் தொலைபேசிக்கே வருமானால், பிறகு பணம் எடுக்கும் நாளில் யார் தயவை நாடுவது?

ஆகவே, கடலூர், சிதம்பரம் வட்டத்துக் கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியது இது. சாலையோரப் படிப்பகங்களில் ஞாயிறு காலைகளில் ஒரு மேசை போடுங்கள். ஒடியா, இந்தி, வங்காளம் அறிந்தவர் எவரேனும் இருந்தால் பக்கத்தில் அமர்த்துங்கள். பல்கலைக்கழக மாணவருள் தேடினால் கிடைப்பர். வருபவனின் ஆதாரில் அவனுடைய சொந்தத் தொலைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் ஆதார் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயரின் எழுத்தைக் கவனியுங்கள். ஆதாரில் ஒரு விதமும் வங்கியில் ஒரு விதமும் இருந்தால், ஓர் எழுத்து வேற்றுமைக்காகப் பத்தாண்டுச் சேமிப்பு தடைபடும். முன்பே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிது எடுங்கள். எடுத்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவனிடமே கொடுங்கள். ஊரிலுள்ள தாய்க்கும் ஒரு படி அனுப்பச் சொல்லுங்கள். மாதந்தோறும் பணம் கட்டப்பட்டதா என்று கணக்கைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கட்டப்படவில்லையென்றால் காண்டிராக்டரோடு வழக்காடி நேரத்தை வீணாக்காதீர்கள். காண்டிராக்டர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு ஆலையின் மூலமுதலாளிக்கே உண்டு; அவரிடம் எழுத்தில் கேளுங்கள், வைப்பு நிதி அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள்.

நம் ஊர்த் தொழிலாளியும் அதே மேசைக்கு வரட்டும். அவனுக்கும் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இல்லை என்பதை அப்போது அறிவீர்கள். இருவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். எண் எடுக்கச் சர்க்கார் கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. ஆகவே நம் மேசையிலும் ஒரு காசு வாங்கக் கூடாது. வருபவருக்குத் தேநீர்ச் செலவைக் கிளையே ஏற்க வேண்டும்.